விடுமுறையில் எங்கள் வீட்டு வாசிப்பு

நம் நாட்டில் கோடை என்று தனியாக ஒரு பருவம் இல்லை. வெயிலும் மழையும் ஆண்டு முழுவதும் மாறி மாறி வருகின்றன. தமிழ்நாட்டுக் கதைகளில் ‘கோடை விடுமுறை’ என்று வரும்போது நாம் நினைத்துக்கொள்வது நம்முடைய நீண்ட பள்ளி விடுமுறையைத்தான். கிள்ளானில் உள்ள எங்கள் வீட்டில் அந்த விடுமுறை தொடங்கினால் கூடத்து மேசையில் புத்தகங்கள் சேரத் தொடங்கும். வீட்டில் ஆறு பேர்: தாத்தா, அப்பா, அம்மா, அக்கா, நான், தம்பி. ஆறு பேருக்கும் பிடித்த புத்தகம் ஒன்று என்று எதுவும் இருந்ததில்லை. அதனால் எங்கள் வீட்டில் சண்டைக்கும் குறைவில்லை.

இந்த விடுமுறையில் வாசிப்பைத் தொடங்கிவைத்தவன் தம்பிதான். அதுவே எங்களுக்கு வியப்பு. நானும் அக்காவும் தமிழ்ப்பள்ளியில் பயின்றவர்கள். வீடு மாறிய பிறகு தமிழ்ப்பள்ளி தூரமாகிவிட்டதால் தம்பி அருகிலுள்ள தேசியப் பள்ளியில் பயில்கிறான். வாரத்தில் சில பாடவேளைகளில் மட்டும் அவனுக்குத் தமிழ் உண்டு. எழுத்துக் கூட்டிப் படிப்பான். பேருந்துப் பலகையைப் படிக்க முடிந்த அவனால் ஒரு பத்தியை மூச்சு விடாமல் படிக்க முடியாது. அப்படிப்பட்டவன் ‘பொன்னியின் செல்வன்’ திரைப்படத்தின் இரண்டு பாகங்களையும் பார்த்துவிட்டு, “இதோட புத்தகம் வீட்டுல இருக்கா?” என்று கேட்டான்.

இருந்தது. ஐந்து பாகங்கள். கல்கி 1950 முதல் 1954 வரை வார இதழில் தொடராக எழுதிய நாவல் அது. தாத்தாவின் இளமைக் காலத்தில் தொடர்கதைப் பக்கங்களைக் கவனமாகப் பிரித்தெடுத்து, ஒன்றாகச் சேர்த்துத் தைத்துப் பைண்டு செய்து வைத்துக்கொள்வார்களாம். ஓர் ஊரில் ஒருவரிடம் அப்படி ஒரு தொகுப்பு இருந்தால் போதும், பத்து வீடு சுற்றி வந்துவிடும். எங்கள் வீட்டில் இருப்பது பின்னாளில் வாங்கிய பதிப்பு. தம்பி அத்தியாயங்களை எண்ணினான். மொத்தம் 293. நாளுக்கு ஓர் அத்தியாயம் என்றால் ஏறக்குறைய பத்து மாதம் ஆகும் என்று கணக்குப் போட்டுவிட்டு, முகம் வாடி உட்கார்ந்துவிட்டான்.

தாத்தாதான் ஒரு வழி சொன்னார். எண்பது வயதைக் கடந்த அவருக்குக் கண்ணில் நீர் அழுத்த நோய். சில ஆண்டுகளாகவே அச்செழுத்து அவருக்குத் தெரிவதில்லை. “எனக்குப் படிச்சுக் காட்டுடா. பிழை வந்தா நான் சொல்றேன். படிக்கிறது உன் கண்ணு, திருத்துறது என் காது” என்றார்.

இரவுச் சாப்பாட்டுக்குப் பின் அரை மணி நேரம் என்று ஏற்பாடு. முதல் இரவில் வந்தியத்தேவன் குதிரையில் ஏறி வீரநாராயண ஏரிக்கரையை விட்டு நகரவே இல்லை. தம்பி ‘ல’, ‘ள’, ‘ழ’ மூன்றையும் ஒன்றாகவே ஒலித்தான். தாத்தா ஏரி வரும் இடத்திலெல்லாம் நிறுத்தி, “ஏரி வேற, ஏறி வேற” என்றார். பத்தாம் நாள் ஒரே அமர்வில் இரண்டு அத்தியாயங்கள் முடிந்தன. கதையின் வேகம் அவனை இழுத்தது. ஒவ்வோர் அத்தியாயத்தையும் அடுத்த வாரத்துக்கு ஆவலைத் தூண்டும்படி முடிப்பது தொடர்கதை எழுத்தாளரின் தொழில். அந்தத் தொழில் எழுபது ஆண்டுகள் கழித்துக் கிள்ளானில் ஒரு பதினொரு வயதுப் பையனிடமும் பலித்தது.

ஒரு நாள் அவன் கேட்டான்: “கெடாவுக்கு எப்பப் போவாங்க?” சோழர்கள் கடாரத்தை வென்றார்கள் என்று எங்கோ கேள்விப்பட்டிருக்கிறான். அந்தப் படையெடுப்பு இந்த நாவலில் வராது. பொன்னியின் செல்வனாகிய அருள்மொழிவர்மன் இராஜராஜன் என்ற பெயரில் அரியணை ஏறியது 985இல். நாவல் அதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. கடாரப் படையெடுப்பு நடந்தது அவருடைய மகன் இராஜேந்திரன் காலத்தில், 1025ஆம் ஆண்டளவில். இதைச் சொன்னதும் தம்பிக்கு ஏமாற்றம். அப்பா அவனைச் சமாதானப்படுத்த, இராஜேந்திரனைப் பற்றி அகிலன் எழுதிய ‘வேங்கையின் மைந்தன்’ நாவலை அலமாரியிலிருந்து எடுத்து மேசையில் வைத்தார். 1963இல் சாகித்திய அகாதெமி விருது பெற்ற நூல். தம்பி அதன் கனத்தைப் பார்த்துவிட்டு, அடுத்த விடுமுறைக்கு என்று ஒதுக்கி வைத்தான். அது நியாயம்தான் என்று எனக்குப் பட்டது.

அந்தப் பேச்சில் அக்கா வந்து கலந்துகொண்டாள். அவள் பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியம் பயில்பவள். எங்கள் வாசிப்பில் கலந்துகொள்ளாமல் மூலையில் கே.எஸ். மணியம் 1981இல் வெளியிட்ட ‘தி ரிட்டர்ன்’ என்ற ஆங்கில நாவலைப் படித்துக்கொண்டிருந்தாள். அவர் கெடா மாநிலத்தின் பீடோங்கில் பிறந்த தமிழர். நாவலில் வருவதும் அந்த வட்டாரத்து வாழ்க்கையே. “கெடாவுக்குப் போகணும்னா என் புத்தகத்துல போகலாம்” என்றாள். தம்பி கைப்பேசியில் வரைபடத்தைத் திறந்தான். பீடோங்குக்குப் பக்கத்தில்தான் பூஜாங் பள்ளத்தாக்கு இருக்கிறது. பழங்காலக் கோயில்களின் அடித்தளங்களும், சுங்கை பத்துவில் இரும்பு உருக்கிய உலைகளின் எச்சங்களும் அகழ்ந்தெடுக்கப்பட்ட இடம். சோழர் கதையைத் தேடிப் போனவனும் தோட்டத்துக் கதையைப் படித்தவளும் ஒரே வரைபடத்தின் மீது குனிந்திருந்தார்கள். ஆயிரம் ஆண்டு இடைவெளி விரல் அகலத்துக்குள் அடங்கியிருந்தது.

அம்மாவைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். அவர் ஜெயகாந்தன் சிறுகதைகளை வைத்திருக்கிறார். இரவு பத்து மணிக்கு மேல்தான் அவருக்குப் புத்தகம் கைக்கு வரும். இரண்டு பக்கத்தில் உறங்கிவிடுவார். ஒரே கதையை நான்கு நாள் படிப்பதால் அந்தக் கதை மாந்தர்களைப் பற்றி எங்களைவிட அவருக்கே நன்றாகத் தெரிகிறது.

விடுமுறையின் மூன்றாம் வாரம் தாத்தாவுடன் பிரிக்பீல்ட்சுக்குப் போனோம். கிள்ளானில் கொமுட்டர் ரயில் ஏறினால் கே.எல். சென்ட்ரலில் இறங்கிவிடலாம். தாத்தா ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். கே.எல். சென்ட்ரல் நிலையம் நிற்கும் இடம் முன்பு ரயில் பெட்டிகளைப் பிரித்துச் சேர்க்கும் பெரிய தண்டவாள முற்றமாக இருந்தது. அவர் குடியிருந்த ‘ஹண்ட்ரட் குவாட்டர்ஸ்’ என்ற அரசுக் குடியிருப்பு இப்போது இல்லை. அங்கிருந்துதான் காலையில் நடந்து போய்த் ‘தமிழ் நேசன்’ வாங்குவாராம். 1924இல் தொடங்கிய அந்த நாளிதழ் 2019இல் நின்றது. “பேப்பரும் நின்னுச்சு, என் கண்ணும் நின்னுச்சு” என்று சிரித்தபடியே சொன்னார். தம்பி மட்டும் சிரிக்கவில்லை.

பிரிக்பீல்ட்சிலிருந்து துன் ரசாக் சாலையிலுள்ள தேசிய நூலகத்துக்குச் சென்றோம். தெங்கோலோ என்னும் மலாய்த் தலைப்பாகையின் வடிவில் கூரை அமைந்த கட்டடம் அது. 1986ஆம் ஆண்டுச் சட்டப்படி மலேசியாவில் அச்சாகும் ஒவ்வொரு நூலிலும் ஐந்து படிகளைப் பதிப்பாளர் அங்கே ஒப்படைக்க வேண்டும். மலாய் நூலுக்கும் தமிழ் நூலுக்கும் விதி ஒன்றே. கிள்ளானில் ஒருவர் தம் செலவில் அச்சிடும் சிறு கவிதைத் தொகுப்புக்கும் அங்கே இடம் உண்டு. உலகின் பல நூலகங்கள் பின்பற்றும் டூயி பகுப்பு முறையில் தமிழ் இலக்கியத்துக்கு உரிய எண் 894.811. இந்த எண்ணை மனத்தில் வைத்துக்கொண்டால், மொழி தெரியாத ஊரின் நூலகத்திலும் தமிழ் அலமாரியைத் தேடிப் போகலாம். தம்பி அதைக் கையில் பேனாவால் எழுதிக்கொண்டான். குளிக்கும் வரை இருந்தது.

அன்று வீடு திரும்பும்போது அப்பா ஒரு நண்பரிடமிருந்து இரண்டு நாவல்களை இரவல் வாங்கிவந்தார். ஒன்று அகிலனின் ‘பால்மரக் காட்டினிலே’. சோழ மன்னனை எழுதிய அதே அகிலன், மலேசியாவுக்கு வந்து சென்றபின் இங்குள்ள ரப்பர்த் தோட்டத் தொழிலாளர்களைப் பற்றி எழுதியது. தம்பி படிக்கப் படிக்கத் தாத்தா குறுக்கே புகுந்து தோட்டத்து வேலையை விளக்கினார். விடியும் முன் ஏன் மரம் சீவ வேண்டும் என்று தம்பி கேட்டான். வெயில் ஏறுவதற்கு முன் பால் நன்றாக ஓடும்; சூடு ஏற ஏற ஓட்டம் குறையும் என்றார். கத்தி ஆழமாகப் போனால் மரத்தில் காயம் ஏற்படும். மேலோட்டமாகப் போனால் பால் வராது. அந்த அளவு கைக்குத் தெரியச் சில மாதங்கள் ஆகும் என்று சொல்லும்போது அவருடைய வலக்கை தானாகச் சாய்ந்து கோடு இழுத்தது.

மற்றொன்று சிலாங்கூர் எழுத்தாளர் அ. ரெங்கசாமியின் ‘நினைவுச் சின்னம்’. ஜப்பானியர் ஆட்சியில் சயாம்–பர்மா ரயில்பாதை போடக் கொண்டுசெல்லப்பட்ட தோட்டத் தமிழர்களைப் பற்றிய நாவல். 1942இல் வேலை தொடங்கி 1943 அக்டோபரில் முடிக்கப்பட்ட அந்தப் பாதையின் நீளம் 415 கிலோமீட்டர். மூன்று மாத வேலை, நல்ல சம்பளம் என்று ஆசை காட்டினார்கள். பின்னர் கட்டாயப்படுத்தியும் பிடித்துப்போனார்கள். மலாயாவிலிருந்து சென்ற தமிழர்கள் பல்லாயிரம் பேர். காலராவும் மலேரியாவும் பசியும் அவர்களைக் கொன்றன. சயாமின் காஞ்சனபுரியில் நேச நாட்டுப் போர்க்கைதிகளுக்காக அமைந்த கல்லறைத் தோட்டத்தில் ஏறக்குறைய 7,000 கல்லறைகள் உள்ளன. பெரும்பாலானவற்றில் பெயர் பொறித்திருக்கிறது. இறந்த தமிழர்களில் பெரும்பாலோருக்குப் பெயர் பொறித்த கல் எதுவும் இல்லை. நாவலுக்கு அந்தத் தலைப்பு ஏன் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது.

அதை நாங்கள் படிக்கத் தொடங்கிய நான்காம் இரவு, தாத்தா கையை உயர்த்தி, “போதும்டா” என்றார். வழக்கமாகப் பிழை திருத்த நிறுத்துவார். அன்று பிழை ஏதும் இல்லை.

சற்று நேரம் கழித்து அவரே சொன்னார். அவருக்கு ஓர் அண்ணன் இருந்தாராம். தாத்தாவுக்கு ஐந்து வயதாக இருந்தபோது தோட்டத்திலிருந்து லாரியில் ஏற்றிப் போனார்கள். போர் முடிந்து சிலர் திரும்பி வந்தார்கள். அவர் வரவில்லை. இறந்த நாள் தெரியாததால் திதி கொடுக்கவும் வழியில்லை. தாத்தாவின் தாயார், மகன் இறந்துவிட்டான் என்று ஒப்புக்கொள்ளவே இல்லையாம். லயத்து வாசலில் லாரிச் சத்தம் கேட்டால் எட்டிப் பார்ப்பாராம். வீட்டில் அந்தப் பேச்சை எடுத்தால் அழுவார் என்பதால் எல்லாரும் விட்டுவிட்டார்கள். பிறகு அது பேசப்படாமலே போய்விட்டது. வாழ்நாள் முழுவதும் ரயில்வேயில் வேலை பார்த்தவரின் அண்ணன் ஒரு ரயில்பாதையில் மறைந்திருக்கிறார் என்பது எங்களுக்கு அன்றுதான் தெரிந்தது.

“அவர் பேரு என்ன தாத்தா?” என்று தம்பி கேட்டான்.

தாத்தா அப்பாவின் பெயரைச் சொன்னார்.

அப்பா நிமிர்ந்து பார்த்தார். தம் பெயர் எங்கிருந்து வந்தது என்று அவருக்கும் அதுவரை தெரியாது. ஏதோ கேட்க வாயெடுத்தவர் கேட்கவில்லை. அம்மா எழுந்து போய் எல்லாருக்கும் தேநீர் போட்டு வந்தார். அக்கா தன் ஆங்கில நாவலை மூடி வைத்துவிட்டுத் தரையில் தாத்தாவின் காலடியில் வந்து அமர்ந்தாள். அதன்பின் கேள்விகள் ஒவ்வொன்றாக வந்தன. எந்தத் தோட்டம்? எத்தனை வயது? யாரைப் போல இருப்பார்? தாத்தாவுக்கு நினைவில் இருந்தது கொஞ்சம்தான். அண்ணன் தோளில் தூக்கிக்கொண்டு ஆற்றுக்குப் போவாராம், சீழ்க்கை அடிப்பாராம். நான் அவற்றை ஒரு பயிற்சிப் புத்தகத்தில் எழுதினேன். ஒன்றரைப் பக்கம் வந்தது.

மறுநாள் இரவு வாசிப்பு நடக்காது என்று நினைத்தோம். தாத்தா வழக்கம்போல வந்து நாற்காலியில் அமர்ந்து, “நேத்து எங்கடா விட்ட?” என்றார். தம்பி பக்கத்தைப் புரட்டினான். அவன் படித்த வேகம் குறைந்திருந்தது. முன்பு எழுத்துத் தடுமாற்றத்தால் மெதுவாகப் படித்தவன், இப்போது ஒவ்வொரு வாக்கியம் முடிந்ததும் தாத்தாவின் முகத்தைப் பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போனான்.

விடுமுறை முடிய இன்னும் ஒன்பது நாள்கள் இருக்கின்றன. ‘நினைவுச் சின்னம்’ முக்கால்வாசி முடிந்துவிட்டது. வந்தியத்தேவன் முதல் பாகத்தின் 41ஆம் அத்தியாயத்தில், பழைய ரயில் பயணச்சீட்டு ஒன்றை அடையாளமாக வைத்த பக்கத்தில், காத்துக்கொண்டிருக்கிறான்.