உலைக்குத் தப்பிய பொற்காசுகள்

பொன்னின் விலை எடையையும் மாற்றையும் பொறுத்தது. இது நம் வீடுகளில் சிறுவரும் அறிந்த கணக்கு. ஆனால், 2021-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் அமெரிக்காவில் ஏலத்திற்கு வந்த ஒரு காசு இந்தக் கணக்கைப் பொய்யாக்கியது. அவ்வகைக் காசின் எடை 8.75 கிராம், நம் ஒரு பவுனைவிடச் சற்றே கூடுதல். மாற்று 22, நம் நகைகளில் இன்று பொறிக்கப்படும் 916 என்பதும் அதுவே. அது விலைபோன தொகையோ 84 இலட்சம் டாலர்! ஒரு பவுன் பொன்னுக்கு இத்துணை விலை ஏன்? இவ்வினாவிற்கு விடை காண முயல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

அமெரிக்க நாடு விடுதலை பெற்றபின், 1792-ஆம் ஆண்டு ஏப்ரல் 2-ஆம் நாள் நாணயச் சட்டம் இயற்றப்பட்டது. அச்சட்டத்தின்படி பிலடெல்பியா நகரில் நாணயச் சாலை நிறுவப்பட்டது. பத்து டாலர் பொற்காசுக்குக் ‘கழுகு’ என்றும், ஐந்து டாலர் காசுக்கு ‘அரைக் கழுகு’ என்றும், இரண்டரை டாலர் காசுக்குக் ‘கால் கழுகு’ என்றும் பெயர். பொன்னைக் கையாளும் அலுவலர்கள் ஒவ்வொருவரும் 10,000 டாலர் பிணை கட்டவேண்டும் என்று சட்டம் விதித்தது. அத்தொகையை அவர்களால் கட்ட இயலவில்லை. பிணை குறைக்கப்பட்ட பிறகே வேலை தொடங்கியது. 1795-ஆம் ஆண்டு ஜூலை 31-இல் முதல் பொற்காசுகள், 744 அரைக் கழுகுகள், வெளிவந்தன. அக்காசுகளில் ‘ஐந்து டாலர்’ என்ற எழுத்தே இல்லை என்பது வியப்பிற்குரியது. பொன்னே மதிப்பு, எழுத்து எதற்கு என்று எண்ணினர் போலும்! 1807-இல்தான் அரைக் கழுகில் மதிப்பைப் பொறித்தனர்.

பொன்னே மதிப்பு என்ற அந்த நிலையே காசுகளுக்குக் கேடாக முடிந்தது. சட்டப்படி ஒரு பங்கு பொன்னுக்குப் பதினைந்து பங்கு வெள்ளி ஈடு. ஐரோப்பியச் சந்தையிலோ அதே பொன்னுக்குப் பதினைந்தரைப் பங்குக்கு மேல் வெள்ளி கிடைத்தது. வணிகர் சும்மா இருப்பரோ? அமெரிக்காவில் பொற்காசுகளைத் திரட்டினர், கப்பலில் ஏற்றினர், அக்கரையில் உருக்கினர். 1804-இல் ‘கழுகு’ அடிப்பதையே நிறுத்திவிட்டனர். 1838 வரை அது மீண்டும் வரவில்லை. 1834-இல் புதிய சட்டம் காசின் எடையைக் குறைத்தது. அதனால் பழைய அரைக் கழுகு ஒன்றில் இருந்த பொன், புதிய கணக்கில் ஐந்து டாலர் 33 சென்ட்டுக்குச் சமமாயிற்று. உருக்கினால் ஊதியம், செலவிட்டால் நட்டம். எஞ்சியிருந்தவற்றுள்ளும் பெரும்பாலானவை உலைக்குப் போயின.

இங்கே மாணவர் மனங்கொள்ள வேண்டிய உண்மை ஒன்று உண்டு. 1815-இல் அடிக்கப்பட்ட அரைக் கழுகுகள் 635 மட்டுமே. அவற்றுள் இன்று இருப்பன ஏறத்தாழப் பன்னிரண்டு. 1822-இல் அடிக்கப்பட்டவையோ 17,796. இன்று இருப்பன மூன்றே மூன்று! எனவே, ஒரு காசின் அருமையை முடிவு செய்வது அடித்த எண்ணிக்கை அன்று. உருகாமல் எஞ்சிய எண்ணிக்கையே. அம்மூன்றில் இரண்டு சுமித்சோனியன் நிறுவனத்தில் உள்ளன. மூன்றாவதே 84 இலட்சம் டாலருக்கு விலைபோனது.

அந்தக் காசு புதுநிலையில் உள்ளதன்று. சிறிது புழங்கித் தேய்ந்ததே. அருமை வேறு, நிலை வேறு. இரண்டும் ஒருங்கே வாய்ப்பது அரிதினும் அரிது.

புதுநிலை என்பது பளபளப்பு என்று பலர் எண்ணுகின்றனர். அது தவறு. அச்சிலிருந்து விழுந்த பின் புழக்கத்தால் தேயாமல் இருப்பதே புதுநிலை. 1949-இல் வில்லியம் செல்டன் என்பார் பழைய அமெரிக்கச் செப்புக் காசுகளுக்காக 1 முதல் 70 வரை ஓர் அளவுகோலை வகுத்தார். பின்னர் அது பொற்காசுகளுக்கும் பரவிற்று. அதில் 60-உம் அதற்கு மேலும் புதுநிலை.

அதனைக் கண்டறிவது எப்படி? அச்சு ஓங்கி விழும்போது பொன் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நெகிழ்ந்து ஓடுகிறது; கண்ணுக்குப் புலப்படாத நுண்கோடுகள் உண்டாகின்றன. ஒற்றை விளக்கின் கீழ்க் காசை மெல்லச் சாய்த்தால், ஒளிக்கற்றை ஒன்று வண்டிச் சக்கரத்தின் ஆரம்போல் சுழன்று வரும். தேய்ந்த காசில் அவ்வொளி மேடான இடங்களில் அறுந்துபோகும். விடுதலைத் தேவியின் கன்னம், நெற்றிக்கு மேலுள்ள கூந்தல், கழுகின் மார்பு ஆகியவற்றை முதலில் நோக்குக.

சில காசுகளில் இணையான கீறல்கள் காணப்படும். கண்டவுடன் ஒதுக்கிவிடலாகாது. எடை மிகுந்த வில்லையை அரத்தால் அராவிச் சரி செய்த பின்பே அக்காலத்தில் அச்சிட்டனர். அந்த அரத்தின் சுவடு அது. கீறல் அச்சுக்கு முந்தியதா பிந்தியதா என்பதே கேள்வி. முந்தியதாயின் அது பிறப்பு அடையாளம், பிந்தியதாயின் குறை.

காசுக்கு மனிதன் செய்யும் பெருங்கேடு துலக்குதல். நகையைப் பூந்திக்கொட்டை நீரில் தேய்த்துக் கழுவுவது நம் வழக்கம். நகைக்கு அது நன்று. இருநூறு ஆண்டு கடந்த காசை அவ்வாறு தேய்த்தால் அந்த நுண்கோடுகள் அழியும். மின்னுவது மின்னும், ஆனால் ஒளி சுழலாது. ஒரு நிமிடத்தில் செய்த தவற்றை எந்தக் கைவினைஞராலும் மீட்க இயலாது. ஆதலின், விளிம்பைப் பிடித்தே தூக்குக, துடைக்கற்க, மென்துணி விரித்த மேசைமேல் வைத்தே பார்க்க.

போலிகளும் மிகுதி. ஆர்க்கிமிடீசு காட்டிய வழியில் நீரில் எடைபோட்டால், 22 மாற்றுப் பொன்னின் அடர்த்தி ஏறத்தாழ 17.7 வரவேண்டும். வராவிடில் போலி. வந்தாலும் மெய் என்று துணிதல் ஆகாது. உண்மைப் பொன்னிலேயே போலி அடிப்போர் உளர். அக்கால அச்சுகள் கையால் செதுக்கப்பட்டவை. விண்மீன்களும் எழுத்துகளும் அச்சுக்கு அச்சு இடம் மாறும். ஆகவே, அறியப்பட்ட காசுகளின் படங்களோடு ஒப்பிடுதலே சிறந்த சோதனை.

பணம் படைத்தோர்க்கே உரிய துறை இது என்று சோர வேண்டா. பிலடெல்பியாவின் தலைமைக் காசடிப்பாளர் ஆடம் எக்பெல்ட் நல்ல காசுகள் சிலவற்றை உருக விடாமல் எடுத்து வைத்தார். அவற்றிலிருந்தே 1838-இல் நாணயச் சாலையின் காட்சித் தொகுப்பு எழுந்தது. 1923-இல் அது சுமித்சோனியனுக்குச் சென்றது. 1933-இல் மக்கள் தம் பொன்னை ஒப்படைக்க வேண்டும் என்று அமெரிக்க அரசு ஆணையிட்டபோதும், சேகரிப்போர் போற்றும் அரிய காசுகளுக்கு விலக்கு அளித்தது. எடைக்கு அப்பாற்பட்ட மதிப்பு ஒன்று உண்டு என்பதை ஆட்சியும் ஒப்புக்கொண்டது.

அம்மதிப்பு காசைத் தொடாமல் காத்த கைகள் தந்தது. துலக்கிய காசைப் புதுக்காசு என்று விற்பவன் பொன்னில் ஓர் அணுவும் குறைக்கவில்லை, ஆயினும் ஏமாற்றுகிறான். தமிழில் காசுக்கும் நேர்மைக்கும் ‘நாணயம்’ என்ற ஒரே சொல் வழங்குகிறது. காசு சேர்ப்போர் இரண்டையும் சேர்த்தே போற்ற வேண்டும்.