உடன் செல்பவர் யார்?

மரணம் எல்லா மதங்களிடமும் ஒரு கேள்வியை வைக்கிறது: இறந்தவன் எங்கே செல்கிறான்? அதனுடன் பிறந்த இன்னொரு கேள்வியும் உண்டு: அவனுடன் செல்பவர் யார்? நீலகிரியில் வாழும் தோடர்கள் இவ்விரண்டிற்கும் சேர்த்தே விடை கண்டிருந்தனர்.

அமுனோர்

தோடர்களின் மறுமை உலகம் அமுனோர். அது வானத்தில் இல்லை; நீலகிரிக்கு மேற்கே, இவ்வுலகிற்குக் கீழே இருக்கிறது. இங்கு ஒளிரும் சூரியனே அங்கும் ஒளிர்கிறது. வழியில் ஓர் ஆறு. அதன்மேல் நூலாலான பாலம். சுயநலமிகளும் பொறாமை கொண்டவர்களும் அதிலிருந்து ஆற்றில் விழுந்து அட்டைக்கடி படுவார்கள். ஆயினும் அவர்களுக்கும் என்றென்றைக்குமான தண்டனை இல்லை. துன்பம் தீர்ந்தபின் அவர்களும் அமுனோரை அடைவார்கள். அங்கே நடந்து நடந்து கால்கள் முழங்கால்வரை தேய்ந்ததும், ஓன் என்னும் தெய்வம் அவர்களைப் புதிய மனிதர்களாக இவ்வுலகிற்கே திருப்பி அனுப்புகிறது. 1901-02ஆம் ஆண்டுகளில் தோடர்களிடையே ஆய்வு செய்த ரிவர்ஸ் என்ற ஆங்கிலேய அறிஞர் 1906இல் வெளியிட்ட நூலில் இவற்றைப் பதிவு செய்துள்ளார்.

எருமைப் பாலே தோடர்களின் வாழ்வு. எனவே ஈமச் சடங்கில் எருமைகள் பலியிடப்பட்டன. இறந்தவரின் கை எருமையின் கொம்பின்மீது வைக்கப்பட்டது. துக்கத்திற்கு வந்தவர்கள் இருவர் இருவராக நெற்றியோடு நெற்றி சேர்த்து அழுதனர். அங்கே யாரும் தனித்து அழுவதில்லை.

கிறிஸ்தவத்தின் வருகை

1603இல் ஃபெனிசியோ என்ற ஏசு சபைப் பாதிரியார், இன்றைய பாலக்காடு மாவட்டத்திலுள்ள மண்ணார்க்காடு வழியாக மலையேறித் தோடர்களைச் சந்தித்தார். வழிதவறிப்போன பழைய கிறிஸ்தவர்கள் அம்மலையில் வாழ்கிறார்கள் என்ற செய்தியே அவரை அங்கு அழைத்துச் சென்றது. அவர் தேடியவர்கள் அங்கு இல்லை. முந்நூறு ஆண்டுகளுக்குப் பின், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், காதரின் லிங் என்ற ஆங்கிலேயப் பெண்மணியின் பணியால் உதகை அருகே தோடக் கிறிஸ்தவ சமூகம் ஒன்று உருவாயிற்று.

புதிய சமயம் கல்வியையும், எருமைப் பலி வேண்டாத உயிர்த்தெழுதல் நம்பிக்கையையும் தந்தது. தனக்கு முன்பே மரணத்தைக் கடந்தவர் துணையிருக்கிறார் என்பது அதன் ஆறுதல். ஆனால் சிதைக்குப் பதிலாகக் கல்லறை வந்தபோது ஒரு பிரிவும் வந்தது. மதம் மாறியவர்கள் தனித்து வாழ்ந்தனர். பிற சமூகக் கிறிஸ்தவர்களுடன் மணவுறவு கொண்டனர். 1939இல் இவர்களைப் பற்றித் தனிக் கட்டுரையே எழுதினார் மொழியறிஞர் எமனோ. ஒரே குடும்பத்தில் ஒருவர் மேற்கே அமுனோருக்கும், மற்றவர் வானுலகிற்கும் செல்வதாயின், அவர்கள் மீண்டும் சந்திப்பது எங்கே? வாதத்தால் தீராத வேதனை இது.

கொள்கைகள் மாறுபடலாம். ஆயினும் இறந்தவன் தனியே செல்லக்கூடாது என்ற அன்பு இரு நம்பிக்கைகளிலும் ஒன்றே. பிறர் வீட்டு மரணத்தின்முன் நிற்பவன் முதலில் செய்ய வேண்டியது, தன் மறுமைக் கொள்கையை விளக்குவதன்று. அழுபவரின் நெற்றியோடு தன் நெற்றியைச் சேர்ப்பதே.