தாளைத் தின்னும் பச்சை

அன்புள்ள தம்பிக்கு,

கிரீம்ஸ் சாலை லலித் கலா அகாடமியில் உன் படங்களைப் பார்த்துவிட்டு வந்தேன். மற்றவற்றைப் பற்றிச் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. மகாமகக் குளம் படத்தின் முன்னால்தான் வெகுநேரம் நின்றேன். மேல்பாதி நீர்வண்ணம், கீழ்ப்பாதி தட்டி எடுத்த செப்புத் தகடு. தாளில் படிக்கட்டு முடிகிற இடத்தில் தண்ணீர் செம்பாகத் தொடங்குகிறது. இந்த யோசனை உன் வயதில் எனக்கு வந்திருக்கக் கூடாதா என்று இருந்தது.

தாளின் எடையையும் தகட்டின் கேஜையும் உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. என்னை உறுத்திய இரண்டை மட்டும் எழுதுகிறேன். உறுத்தல் இன்னும் அடங்கவில்லை என்பதால் வார்த்தை கொஞ்சம் கடுமையாக வரும்.

முதலாவது, அந்த வெள்ளை. மண்டபத்தின் விளிம்பில், படியின் ஈரத்தில், கோபுரக் கலசத்தில் என்று எங்கே பார்த்தாலும் டியூப் வெள்ளையை வைத்திருக்கிறாய். பத்தடி தள்ளி நின்றால் பளிச்சென்று இருக்கிறது. கிட்டே வந்தால் சுவரில் சுண்ணாம்பு தெறித்தது போல இருக்கிறது. நீர்வண்ணத்தில் வெளிச்சம் என்பது தாள்தானே? வண்ணத்துக்குள் புகுந்து, தாளில் பட்டு, மறுபடி வண்ணத்தின் வழியாகவே வெளியே வருகிற ஒளிதான் அந்த ஊடகத்தின் உயிர். நீ வைத்த வெள்ளை அந்த வழியை அடைத்துவிட்டது. அதுமட்டுமில்லை, நல்ல பருத்தித் தாளின் வெண்மையில் மெல்லிய மஞ்சள் இருக்கும். துத்தநாக வெள்ளை குளிர்ந்தது, நீலம் பாய்ந்தது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒன்று அழுக்காகத் தெரிந்தே தீரும். அழுக்காகத் தெரிவது தாள்தான். உன் மண்டபத்துக்குப் பின்னால் இருக்கிற வானம், எவ்வளவு சுத்தமான வானம், அது மங்கிப்போனது இதனால்தான்.

வின்சர் அண்ட் நியூட்டன்காரர்கள் 1834-இல் சைனீஸ் ஒயிட் என்ற துத்தநாக வெள்ளையைக் கொண்டுவந்த காலத்திலிருந்து இந்தச் சண்டை நடக்கிறது. டர்னரே வெள்ளை வைத்தவர்தானே என்று நீ கேட்பாய். வைத்தார், நீலத் தாளில். அங்கே வெள்ளைக்கு வேலை இருக்கிறது. வெள்ளைத் தாளில் வரைந்தபோது ஈர வண்ணத்தைத் துடைத்தெடுத்தார், நகத்தால் சுரண்டினார், கத்தியால் கீறினார். வெளிச்சத்தைத் தாளுக்குள்ளிருந்து வெளியே எடுத்தார்.

எனக்கு இது அழகு சார்ந்த பிடிவாதம் அல்ல, ஒழுக்கம் சார்ந்த பிடிவாதம். வெளிச்சத்தை விட்டுவைக்க வேண்டுமானால் பிரஷைத் தண்ணீரில் தோய்க்கும் முன்பே அது எங்கே விழுகிறது என்று தீர்மானித்திருக்க வேண்டும். கடைசியில் வெள்ளை இருக்கிறது என்ற தைரியம் வந்துவிட்டால் அந்தத் தீர்மானத்தைத் தள்ளிப்போட்டுக்கொண்டே போகலாம். போனில் எடுத்த போட்டோவை வைத்து வரைந்திருக்கிறாய் என்றும் சந்தேகப்படுகிறேன். போட்டோவில் கலசமும் ஈரப் படியும் ஒரே வெள்ளையாக எரிந்துபோகும். நேரில் பார்த்தால் படியின் ஈரத்தில் வானம் கிடக்கும், கலசத்தில் வெயில் கிடக்கும். இரண்டும் ஒரே வெள்ளையாக இருக்க வழியே இல்லை.

நாங்கள் மாணவர்களாக இருந்தபோது மார்கழியில் கும்பகோணம் போய் அந்தக் குளக்கரையில் உட்காருவோம். கோவிந்த தீட்சிதர் கட்டிய பதினாறு மண்டபங்களில் ஆளுக்கு ஒன்றாகப் பிரித்துக்கொள்வோம். பனியில் வாஷ் காயவே காயாது. தாளை முழங்காலில் சாய்த்து வைத்துக்கொண்டு, குளிக்க வருகிறவர்களைப் பார்த்தபடி காத்திருக்க வேண்டும். அந்தக் காத்திருப்பில்தான் வெயில் எந்தத் தூணில் முதலில் ஏறுகிறது, எப்போது படிக்கு இறங்குகிறது என்பதெல்லாம் தெரியவந்தது. சித்திரையில் போனால் நேர்மாறு. பிரஷைத் திரும்ப எடுப்பதற்குள் ஓரம் காய்ந்து கோடு விழுந்துவிடும். ஒரே குளம்தான், இரண்டு கை வேண்டும். வெள்ளை விட வேண்டிய இடத்தை மூடும் மாஸ்கிங் ஃப்ளூயிட்டைக் கையில் வைத்திருந்தவனை நாங்கள் கொஞ்சம் ஒதுக்கியே வைத்தோம். அது அநியாயம்தான். அதைப் பூசுகிறவனாவது வெளிச்சம் எங்கே என்று முன்கூட்டியே யோசிக்கிறான்.

இரண்டாவது, அந்தப் பச்சை. இதில் என் எரிச்சலைவிட என் கவலைதான் பெரிது.

செம்பைப் பழையதாகக் காட்ட அமோனியாவும் உப்பும் போட்டுக் களிம்பு ஏற்றியிருக்கிறாய். குளத்துப் பாசி என்ற கணக்கு எனக்குப் புரிகிறது. ஆனால் அந்தத் தகட்டின் ஓரத்தை நேராகத் தாளின்மேல் படியவைத்து ஒட்டியிருக்கிறாயே! பழைய ஓவியச் சுவடிகளையும் ராஜஸ்தானத்துச் சிற்றோவியங்களையும் பழுதுபார்க்கிறவர்களிடம் கேட்டுப் பார். செப்புக் களிம்பிலிருந்து எடுத்த பச்சையைப் பூசிய இடங்களில் தாள் முதலில் பின்பக்கம் பழுப்பாகும், பிறகு கருகும், பிறகு தொட்டால் உடையும். பச்சை பூசிய கரையோடு ஓவியம் தனியாகக் கழன்று விழுந்த பக்கங்கள் உண்டு. தாளின் நார் காற்றில் மெல்ல மெல்லச் சிதைவது இயற்கை. செம்பு அந்தச் சிதைவைப் பல மடங்கு விரட்டும். ஈரம் இருந்தால் இன்னும் வேகம். உப்புக் காற்று செம்பை அரித்து மேலும் மேலும் களிம்பைக் கொடுத்துக்கொண்டே இருக்கும். சென்னையில் ஈரமும் உப்பும் இல்லாத சுவர் எங்கே இருக்கிறது? மேலே அடித்திருக்கும் லாக்கரை நம்பாதே. அது விளிம்பில்தான் முதலில் உரியும். உன் படத்தில் விளிம்புதான் தாளைத் தொடுகிறது.

இத்தனைக்கும் அந்தத் தகட்டுக்குப் பச்சையே தேவைப்படவில்லை. அலைகளைத் தட்டியிருக்கிறாய் பார், அதைப் பார்த்துவிட்டு எனக்குப் பேச்சு வரவில்லை. நடுவில் நெருக்கமாக, கரைக்கு வர வர விரிந்து, கடைசிப் படியில் மோதி மடங்குகிற இடம் வரைக்கும் சுத்தியல் தடத்தை அப்படியே விட்டிருக்கிறாய். பஃப் போட்டு வழித்துவிடவில்லை. தட்டத் தட்ட செம்பு இறுகும், இறுகியதை மங்கிய சிவப்பு வரும்வரை காய்ச்சித் தண்ணீரில் போட்டு இளக்க வேண்டும், மறுபடி தட்ட வேண்டும். அவசரப்பட்டால் கிழியும். உன் தகட்டில் ஒரு கிழிசல்கூட இல்லை. கும்பகோணத்தில் கோயில் கவசம் அடிக்கும் ஒரு பெரியவரின் பட்டறையில் நான் பல நாள் உட்கார்ந்திருக்கிறேன். அரக்குப் படுக்கையில் தகட்டைப் பதித்து, கண்ணால் பார்ப்பதைவிடக் காதால் கேட்டு வேலை செய்வார். செம்பு இறுகும்போது சத்தம் மாறும், உடனே கையை நிறுத்திவிடுவார். அந்தக் காது உனக்கு இருக்கிறது. கல்லூரியில் யாரும் அதைக் கொடுத்திருக்க முடியாது. உன் தலைமுறையில் இப்படித் தகடு தட்டுகிற இன்னொரு கையை நான் பார்க்கவில்லை.

ஏதாவது ஒன்றைத் தேர்ந்துகொள் என்று கேலரிக்காரர்கள் உன்னிடம் சொல்வதாகக் கேள்விப்பட்டேன். வாட்டர்கலர்காரனா, உலோகக்காரனா என்று அவர்கள் பட்டியலில் எழுத வேண்டுமாம். கேட்காதே. நாம் படித்த சென்னை ஓவியக் கல்லூரியை 1929 முதல் 1957 வரை நடத்திய தேவி பிரசாத் ராய் சௌத்ரி யார்? அவனீந்திரநாத் தாகூரிடம் வாஷ் ஓவியம் பழகியவர். மெரினாவில் பாறையை நெம்புகிற நான்கு உழைப்பாளிகளை வெண்கலத்தில் நிறுத்தியவரும் அவரேதான். தாளில் ஈரத்தை அடக்கத் தெரிந்த கை அந்த முதுகுத் தசையில் வெளிச்சத்தை எங்கே நிறுத்துவது என்றும் அறிந்திருந்தது. அவருக்குப் பின் வந்த கே.சி.எஸ். பணிக்கர் தொடக்கத்தில் நீர்வண்ண நிலக்காட்சிகளால் பெயர் வாங்கியவர், 25 வயதில்தான் ஓவியப் பள்ளிக்கே வந்தார். அவர் மகன் நந்தகோபால் இயற்பியல் படித்துவிட்டு வந்து செம்பையும் பித்தளையையும் பற்றவைத்தார். ஜானகிராம் கோயில் கவசத்தைப் பார்த்த கண்ணோடு செப்புத் தகட்டில் முகப்புச் சிற்பம் செய்தார். 1966-இல் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமம் எழுந்தபோது பாத்திக் துணி விற்ற காசுதான் பலருக்குச் சோறு போட்டது. இவர்கள் யாரும் பட்டியலுக்கு வசதியாக வாழவில்லை.

பணத்துக்கு ஒரு வழி சொல்கிறேன். சிறிய நீர்வண்ணங்களைத் தனியாக, நியாயமான விலைக்கு விற்று வா. மாதச் செலவு அதில் ஓடட்டும். தகடும் தாளும் சேர்ந்த வேலையை வருடத்துக்கு இரண்டோ மூன்றோ செய், அதற்கு மேல் வேண்டாம். அவற்றின் விலையை இறக்காதே. மகாமகக் குளத்தின் விலைச்சீட்டைப் பார்த்தேன். செம்பு வாங்கிய காசும் கேஸ் சிலிண்டர் காசும் போனால் உன் உழைப்புக்கு அதில் எதுவும் மிஞ்சாது.

படத்தின் ஓரத்தில் சிவப்புப் பொட்டு ஒட்டியிருந்தது. விற்றுவிட்டது என்று தெரிகிறது. வாங்கியவருக்கு உடனே போன் செய்து படத்தைத் திரும்ப வாங்கு, காரணத்தை மறைக்காமல் சொல். தகட்டைக் கழற்றி, பச்சையைச் சுத்தமாக எடுத்து, பின்னால் பித்தளைக் கால் வைத்துத் தாளிலிருந்து ஒரு விரல் தள்ளி நிறுத்து. நடுவில் அமிலமில்லாத அட்டை இருக்கட்டும். தண்ணீர் படியைத் தொடாமல் நிழலாக விழும், அது இன்னும் நன்றாகவே இருக்கும். வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்குள் இதைச் செய்துவிடு.

அன்புடன்,
உன் அண்ணன்