சாமியின் நிலமும் அரசியின் கணக்கும்

ஒன்பதாம் வகுப்பில் மெசபடோமியா வந்தால் சிகுராட், ஆப்பெழுத்து, அரசர், பூசாரி என்று கரும்பலகையில் எழுதி, ஒரு மதிப்பெண் வினாக்களோடு முடித்துவிடுவது என் வழக்கம். சென்ற ஆண்டு ஒரு மாணவி கேட்டாள்: "நிலமெல்லாம் சாமியோடதுன்னா, விளைஞ்சதை யாரு சார் எடுத்துக்கிட்டாங்க?" அன்று என்னிடம் பதில் இல்லை. தேடிப் படித்தபோது ஊருகாகினா கிடைத்தார்.

இன்றைய தெற்கு ஈராக்கில் இருந்த லகாஷ் நகர அரசை இவர் கி.மு. 2350 வாக்கில் ஆண்டார். களிமண் கூம்புகளில் இவர் எழுதுவித்த ஆணைகள் பாரிசின் லூவர் அருங்காட்சியகத்தில் உள்ளன. தமக்கு முன் நடந்த அநியாயங்களை அவற்றில் வரிசையாகச் சொல்கிறார். தெய்வங்களின் மாடுகள் ஆட்சியாளரின் வெங்காயப் பாத்தியை உழுதன. பிணத்தைப் புதைக்க வந்தவர்களிடம் 7 குடம் பார்லி மது, 420 ரொட்டி, தானியம், ஆடு, கட்டில் என்று வாங்கினார்கள். மதுவை 3 குடமாகவும் ரொட்டியை 80 ஆகவும் தாம் குறைத்ததாகச் சொல்கிறார். நிலங்களைத் தெய்வங்களுக்கே திருப்பித் தந்ததாகவும் எழுதுகிறார்.

அடுத்த வகுப்பில் 420, 80 என்ற இரண்டு எண்களை மட்டும் பலகையில் எழுதி, என்னவென்று ஊகிக்கச் சொன்னேன். வரி, அபராதம், சீர்வரிசை என்றெல்லாம் சொன்னார்கள். விடையைச் சொன்னதும் வகுப்பு அமைதியாகிவிட்டது. இழவு வீட்டில் கணக்குப் பார்ப்பதை அறியாத பிள்ளைகளா? பின்பெஞ்சு மாணவன் ஒருவன், "தன்னை நல்லவர்னு எழுதிக்கிட்டது அவரேதானே சார்?" என்றான். பாடநூலில் எங்கும் இல்லாத கேள்வி.

அதற்கு விடை தருவது லகாஷின் கணக்குப் பலகைகள். அரசியின் பண்ணை அதுவரை 'பெண்ணின் இல்லம்' எனப்பட்டது. ஊருகாகினா காலத்தில் அது பாவு என்ற பெண் தெய்வத்தின் இல்லம் ஆயிற்று. நிர்வாகமோ அவர் மனைவி ஷாஷாவிடமே இருந்தது. ஆட்களுக்குப் பார்லி அளந்து கொடுத்த கணக்கும் அவர் பெயரில்தான் உள்ளது. பெயரில் சாமி, பொறுப்பில் அரசி.

ஊருகாகினா சீர்திருத்தவாதியா, பெயரை மட்டும் மாற்றியவரா? இரு அணிகளாகப் பிரித்து வாதிட வைத்தேன். கூம்பையோ பலகையையோ சான்று காட்டாத பேச்சுக்கு மதிப்பெண் இல்லை என்றேன். பாடவேளை போதவில்லை, உம்மாவின் லுகல்சாகெசி படையெடுத்து அவரது குறுகிய ஆட்சியை முடித்ததை மறுநாள்தான் சொல்ல முடிந்தது.