தின்றோமா, உண்டோமா?

எட்டாம் வகுப்புக் கட்டுரை நோட்டுகளைத் திருத்திக்கொண்டிருந்தேன். 'திருவிழாவுக்குப் பாட்டி வீட்டில் கறி தின்றோம்' என்று ஒரு மாணவி எழுதியிருந்தாள். 'தின்றோம்' என்பதை அடித்துவிட்டுச் சிவப்பு மையில் 'உண்டோம்' என்று எழுதினேன். 'தின்' கொச்சை என்பது என் எண்ணம். சில நாள் கழித்து யெக்வானா மொழியின் வினைச்சொற்களைப் பற்றிப் படித்தபோதுதான் அந்தத் திருத்தம் உறுத்தத் தொடங்கியது.

யெக்வானா மக்கள் வெனிசுவேலாவின் தெற்குக் காடுகளிலும் அதை ஒட்டிய பிரேசில் பகுதியிலும் ஆற்றங்கரைகளில் வாழ்பவர்கள். அவர்கள் மொழி கரீப் குடும்பத்தைச் சேர்ந்தது. கசப்பு மரவள்ளியைத் துருவி, நச்சுச் சாற்றைப் பிழிந்து நீக்கிவிட்டுச் சுடும் அப்பம்தான் அன்றாட உணவு. கூடவே மீன், வேட்டைக்கறி, பழங்கள். கரீப் மொழிகளில் இவற்றுக்கெல்லாம் பொதுவாக ஒரே 'சாப்பிடு' போதாது. கறிக்கு ஒரு வினை, அப்பத்துக்கு வேறு வினை, பழத்துக்கு இன்னொன்று. செயப்படுபொருளைச் சொல்லாமல் விட்டாலும் எதைச் சாப்பிட்டார்கள் என்பதை வினையே காட்டிக்கொடுத்துவிடும்.

நாம் 'வந்தேன், வந்தாய்' என்று இறுதியில் காட்டும் தன்மை, முன்னிலையை அவர்கள் வினையின் முன்னொட்டில் காட்டுகிறார்கள். காலம் பின்னொட்டில் வரும். 'நாம்', 'நாங்கள்' வேறுபாடு அங்கும் உண்டு. ஆனால் 'நாங்கள்' என்பதற்கு வினை படர்க்கை முன்னொட்டையே ஏற்கும். நம் பிள்ளைகள் அப்படி எழுதினால் மதிப்பெண் போய்விடும்!

உணவு வினைக்கு வருவோம். இது நமக்குப் புதிதன்று. தொல்காப்பியம் கிளவியாக்கத்தில் வேறுவினைப் பொதுச்சொல் வருகிறதே. அடிசில் என்பதில் உண்பவை, தின்பவை, நக்குபவை, பருகுபவை எல்லாம் அடங்கும். அதனால் அதற்கு 'உண்', 'தின்' பொருந்தாது. 'அயில்', 'மிசை' போன்ற பொதுவினையே வரவேண்டும் என்பார்கள் உரைகாரர்கள். பலமுறை நடத்திய பாடம்தான். திருக்குறளிலும் புலால் மறுத்தலில் 'தின்' வருகிறது. கறிக்குத் 'தின்' சரியான வினை. தவறு என் பேனாவில்தான்.

மறுநாள் கரும்பலகையில் உணவுப் பெயர்களை மட்டும் எழுதி, 'சாப்பிடு' என்ற சொல்லைத் தடை செய்தேன். பொரியைக் கொறித்தார்கள், கரும்பைக் கடித்தார்கள், தேனை நக்கினார்கள், கூழைக் குடித்தார்கள். நுங்குக்குச் சண்டையே வந்தது. பாதிப் பேர் உறிஞ்சுவோம் என்றார்கள். மீதிப் பேர் நோண்டித் தின்போம் என்றார்கள். கடைசிவரை முடிவாகவில்லை.

அந்த மாணவியின் நோட்டை வாங்கி, என் திருத்தத்தை அடித்து, 'தின்றோம்' என்று மீண்டும் எழுதிக் கையொப்பமிட்டேன். "அப்ப மார்க்கு, டீச்சர்?" என்றாள். அரை மதிப்பெண்ணைக் கூட்டிப் போட்டேன்.