டிக்கியில் உட்கார்ந்த பாகவதர்

போன மாதம் மயிலாப்பூர் மாட வீதியில் ஒரு பழைய ஸ்விஃப்ட். கண்ணாடி ஏற்றியிருந்தும் பின்பக்க நம்பர் பிளேட் கடகடவென்று ஆடிக்கொண்டிருந்தது. ஓட்டி வந்தவன் தெரிந்த வீட்டுப் பையன், இன்ஜினியரிங் இரண்டாம் வருஷம்.

"12 இன்ச் ஊஃபர், மாமா. ஜி.பி. ரோட்டுல போட்டேன். ஃப்ரெண்ட்ஸ் எல்லாரும் இதான் வச்சிருக்காங்க."

"கிராஸ்ஓவர் எத்தனையில இருக்கு?"

"அதெல்லாம் கடையிலயே வச்சு விட்டுட்டாங்க."

பார்த்தேன். எந்த ஒலி ஊஃபருக்கு, எந்த ஒலி கதவு ஸ்பீக்கருக்கு என்று பிரிக்கிற அந்த எல்லை 150 ஹெர்ட்ஸ், பேஸ் பூஸ்ட் முழுசாக. அவன் அப்பாவோ, வாரண்டி போய்விடும், எதையும் தொடாதே என்கிற கட்சி. இருவருமே காதைக் கேட்டு முடிவெடுக்கவில்லை.

கதவு ஸ்பீக்கர் மட்டும் போதும் என்பவர்கள் தாழ்ந்த ஒலியைத் தடுக்கும் ஹை-பாஸை 80இல் வைத்துவிட்டு நிம்மதியாக இருக்கலாம். 4 இன்ச் என்றால் 100, 120. காம்பொனென்ட் செட் வாங்கினால் ட்வீட்டரைப் பிரிக்கும் டப்பா கூடவே வரும், அதை நம்பலாம். டி.எஸ்.பி. என்கிற டிஜிட்டல் ஒலிச் செயலி வைத்து ஒவ்வொன்றையும் தனியாகப் பிரிப்பதும் நல்ல வழிதான், ட்வீட்டருக்குத் தாழ்ந்த ஒலியை அனுப்பிக் கருக்காதவரை. நான் ஒன்றைக் கருக்கியிருக்கிறேன்.

வம்பெல்லாம் இந்தப் பெரிய ஊஃபரில்தான். ஒரு கட்டை சுருதியில் பாடுகிற ஆண் பாடகரின் ஆதார ஷட்ஜம் ஏறக்குறைய 131 ஹெர்ட்ஸ். ஊஃபரை 150 வரை பேசவிட்டால் அந்த ஸாவின் கனம் டிக்கிக்குப் போய்விடும், மேல் ஸ்தாயி டாஷ்போர்டிலேயே நிற்கும். பாகவதர் பாதிக் கச்சேரியை ஸ்டெப்னி மேல் உட்கார்ந்து பாடுவார். 80க்குக் கீழே ஒலி எங்கிருந்து வருகிறதென்று காதுக்கு லேசில் பிடிபடாது. எல்லாரும் அந்த எண்ணைச் சொல்வது அதனால்தான். அங்கே வைத்தாலும் ஒலி சட்டென்று அறுபடாது. 12 டெசிபல் சரிவு என்றால் ஒரு ஸ்தாயிக்கு அவ்வளவுதான் இறங்கும். 24 இருந்தால் அதையே போடுங்கள்.

என் காது சபா காது, ஒருதலைப்பட்சமானது, ஒப்புக்கொள்கிறேன். மிருதங்கத்துக்கு இசைவான மேற்சுரங்கள் உண்டென்று சி.வி. ராமன் 1920இலேயே 'நேச்சர்' இதழில் எழுதிவிட்டார். அவற்றில் ஊஃபருக்கு என்ன வேலை? தொப்பியின் அடிக்கனம் கொஞ்சம் கிடைக்கும், அவ்வளவுதான். சினிமாப் பாட்டுதான் வேண்டுமென்றால் இளையராஜாவின் பேஸ் கிட்டாரைப் போட்டுப் பாருங்கள். அந்த வாத்தியத்தின் கீழ்த் தந்தி 41 ஹெர்ட்ஸ். அங்கிருந்து மேலே ஏறும்போது சில ஸ்வரம் மட்டும் துருத்திக்கொண்டு நின்றால், ஊஃபரும் கதவு ஸ்பீக்கரும் ஒரே இடத்தில் பேசுகின்றன என்று அர்த்தம். ஒரு ஸ்வரம் காணாமல் போனால் ஃபேஸ் ஸ்விட்சைத் திருப்பிப் பாருங்கள்.

பூஸ்ட், லவுட்னஸ் எல்லாம் பூஜ்யம். ஊஃபரின் கெயினைச் சுத்தமாக இறக்கி, பேஸ் முன்னாலிருந்து வருவதுபோலத் தோன்றும்வரை மட்டும் ஏற்றுங்கள். பிறகு ஒரு வாரம் கை வைக்காதீர்கள். அடையாறிலிருந்து தி. நகர் வரை தினமும் அதே பாட்டு, அதே சத்தம். தம்புரா சேர்க்கத் தெரிந்தவர்களுக்கு இப்படிக் காதால் கேட்டுச் சரிபார்ப்பது சீக்கிரம் வரும். மற்றவர்களுக்கும் வரும், அவசரப்படாமல் இருந்தால்.

பையனுக்கு 80இல் வைத்துக் கொடுத்தேன். "ஒண்ணுமே கேக்கலையே, மாமா" என்றான். நேற்று விசாரித்தேன். இப்போது 100இல் இருக்கிறதாம்.