அந்தமானுக்கும் நிக்கோபாருக்கும் நடுவே

அன்புள்ள தம்பிக்கு,

தில்லியிலுள்ள தேசியத் தகவலியல் மையத்தின் திறந்த தரவுத் தளத்திலிருந்து ஏபிஐ வழியாகத் தரவு எடுக்கிறாய் என்று அம்மா சொன்னார். 2012-இல் தொடங்கிய அந்தத் தளம் தரவை ஜேசனாகவும் தரும், எக்ஸ்எம்எல்லாகவும் தரும். இரண்டின் எழுத்து விதிகளும் வேறு. அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆங்கில அட்டவணையில் 'அந்தமான் & நிக்கோபார் தீவுகள்' என்றொரு வரி உண்டு. அந்த & ஜேசனில் அப்படியே வரலாம். எக்ஸ்எம்எல்லில் தனியாக வரக் கூடாது. அங்கே அது ஒரு குறியீட்டின் தொடக்கம். ஆகவே அதையடுத்து ஏ, எம், பி, அரைப்புள்ளி என்று சேர்த்து ஐந்து எழுத்துகளாக அனுப்ப வேண்டும். ஜேசனில் பெரும்பாலும் தொல்லை தருவது இரட்டை மேற்கோளும் பேக்ஸ்லாஷும்தான். இரண்டின் முன்னாலும் ஒரு பேக்ஸ்லாஷ் வந்தாக வேண்டும். இப்படி மாற்றி எழுதுவதைத்தான் எஸ்கேப் செய்வது என்கிறோம்.

தமிழும் உருமாறி வரலாம். பைத்தானோடு வரும் ஜேசன் நூலகத்தைப் பயன்படுத்தும் சர்வர், யாரும் மாற்றிச் சொல்லாவிட்டால், 'த' என்பதை பேக்ஸ்லாஷ், யு, 0பிஏ4 என்று ஆறு எழுத்துகளாக அனுப்பும். 'தில்லி' 36 எழுத்துகளாகும். பதறாதே, எதுவும் கெடவில்லை. யுடிஎஃப்-8இல் 18 பைட்டில் அடங்கியிருக்கும், அவ்வளவுதான் இழப்பு.

இவற்றை நீயாக ரீப்ளேஸ் போட்டு நீக்காதே. பேக்ஸ்லாஷை அழித்தால் உண்மையில் இருக்க வேண்டிய பேக்ஸ்லாஷும் சேர்ந்து போய்விடும். ஜேசனையோ எக்ஸ்எம்எல்லையோ படிக்கும் பார்சரிடம் கொடு. அது ஒருமுறை சரியாக அவிழ்க்கும்.

பார்சர் அவிழ்த்த பிறகும் அந்த ஐந்து எழுத்து நிற்கிறதா? எஸ்கேப் செய்ததையே சேமித்து, அனுப்பும்போது மறுபடி எஸ்கேப் செய்திருக்கிறார்கள். எனக்கு மிகவும் வருத்தம் தருவது இந்தப் பிழைதான். தொடங்கிய இடத்தில் திருத்தாவிட்டால் தரவு எடுக்கும் ஒவ்வொருவரும் அதைச் சுமக்க வேண்டும். தீரும்வரை அவிழ்க்கும் லூப் எழுதிவிடாதே. அந்தக் குறியீட்டைப் பற்றியே எழுதிய வரி ஒன்று இருந்தால் அதுவும் சிதையும். எந்தப் புலத்தில் எத்தனை அடுக்கு என்று பார்த்து அங்கே மட்டும் அவிழ், தரவு தருபவர்களுக்கும் எழுது.

உன் டேட்டாபேஸில் வெறும் எழுத்தையே வை. வலைப்பக்கத்தில் காட்டும் நேரத்தில் மட்டும் அதற்குரிய விதிப்படி எஸ்கேப் செய். அதைத் தவறவிட்டால், பெயர்ப் புலத்தில் யாரோ ஒளித்துவைத்த ஸ்கிரிப்ட் உன் வாசகரின் பிரவுசரில் ஓடும்.

இன்றே அந்த அந்தமான் வரியை எடுத்து, பார்சருக்குப் பின் ஆங்கிலப் பெயரின் நீளத்தைப் பார். 25 வந்தால் சரி. 29 வந்தால் இன்னும் ஓர் அடுக்கு பாக்கி.

அன்புடன்,
அண்ணன்